மூச்சைப் பிடிக்கச் சொன்ன குரல்

போன மாதம் விடாத இருமல். சிங்கப்பூரிலிருந்து மகன் போனில் கத்துவது பொறுக்காமல், ஓய்வு பெறும்வரை நான் வேலை பார்த்த திருவாரூர் எக்ஸ்ரே சென்டருக்கே நெஞ்சுப் படம் எடுத்துக்கொள்ளப் போனேன். கவுன்ட்டரில் புதுப் பெண். அவளுக்கு என்னைத் தெரியவில்லை, டோக்கன் கொடுத்து உட்காரச் சொன்னாள், உட்கார்ந்தேன். முறை வந்ததும் கவுனை மாட்டிக்கொண்டு உள்ளே போய், தரையில் ஒட்டியிருக்கும் பாதப் படத்தின் மேல் காலை வைத்து நின்றேன். அறையில் ஒருவரும் இல்லை. மேலே ஒலிபெருக்கி கரகரத்தது. பிறகு நான் பேசினேன்.

நான் என்றால், என் குரல். எப்போதோ பதிவு செய்தது, இப்போது இருப்பதைவிடக் கொஞ்சம் இளசு. அப்படி நில், இப்படி நில் என்று சொல்லிவிட்டு, "மூச்சை நல்லா இழுங்க, பிடிச்சுக்குங்க" என்றது. இழுத்தேன், பிடித்துக்கொண்டேன். என் உத்தரவுக்கு நானே கீழ்ப்படிந்தது அன்றைக்குத்தான். நான் வேலையை விட்டு வந்துவிட்டேன், என் குரல் இன்னும் அங்கே உத்தியோகம் பார்க்கிறது. சம்பளம் கேட்பதில்லை, தீபாவளிக்கு லீவும் கேட்பதில்லை. கம்பெனிக்கு இதைவிட என்ன வேண்டும்!

வெளியே வந்து விஷயத்தைச் சொன்னதும் டெக்னீஷியன்கள் சுற்றிக்கொண்டார்கள். நீங்கதானா அது, கல்யாணி மேடம்னு பெரியவங்க சொல்லுவாங்களே, எப்படிப் பதிவு பண்ணுனீங்க, ஏன் பண்ணுனீங்க என்று ஒரே கேள்வி. நின்றபடி சொல்லி முடிகிற கதையில்லை அது. அந்தக் குரல் ஒரு பெண்ணின் பிழைப்பையே கெடுக்கப் பார்த்தது. அதனால் எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தஞ்சாவூரில் படித்தேன், சிவப்பு விளக்கு எரியும் இருட்டறையில் ஃபிலிம் கழுவப் பழகினேன், மருந்துத் தண்ணீரில் விரல் நகமெல்லாம் பழுப்பேறியது. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் என் நகத்தைப் பார்த்துவிட்டு வெற்றிலை போடுகிற பெண்ணோ என்று சந்தேகப்பட்டார்கள். பிறகு திருவாரூரில் ஒரு டாக்டரின் சொந்த கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்தேன். எக்ஸ்ரே பார்ப்பதற்கென்றே படித்தவர். ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்றது, நானும் அப்படியே சொல்கிறேன்.

பெரிய டாக்டரை நினைத்து உருகுகிற ஆள் நானில்லை. முன்கோபி. படம் கறுத்துப்போனால் ஈரத்தோடு தரையில் வீசுவார், நான்தான் பொறுக்கித் துடைக்க வேண்டும். மத்தியானம் தூங்கப் போனால் அவர் எழுந்திருக்கும் வரை நோயாளிகள் படியில் காத்துக்கிடக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு வழக்கத்தை அவர் சாகும்வரை விடவில்லை. ஆளைப் பார்க்காமல் படத்துக்கு எழுத மாட்டார். கழுவிய படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஆளை வரச் சொல்வார். எந்த ஊர், என்ன வேலை, சாப்பிட்டாச்சா என்பார். இருமச் சொல்வார். படத்தைப் பார்ப்பார், மூஞ்சியைப் பார்ப்பார், மறுபடி படத்தைப் பார்ப்பார். அதற்கப்புறம்தான் பேனாவைத் திறப்பார். எதற்கு இவ்வளவு நேரம் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். படத்தில் இருப்பது நிழல்தானே, நிழலுக்குச் சொந்தக்காரன் யாரென்று பார்க்க வேண்டாமா என்று எரிந்து விழுந்தார்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்திலிருந்து ஜனங்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். ஆற்றில் தண்ணீர் வராத வருஷங்களில் இன்னும் அதிகம். கூத்தாநல்லூர், முத்துப்பேட்டையிலிருந்து கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கடற்கரையிலிருந்து படகு வேலை பார்த்தவர்கள், வயல் வேலை பார்த்தவர்கள் எல்லாரும் சவூதி, துபாய், குவைத் என்று பாஸ்போர்ட்டும் கையுமாக வந்து நிற்பார்கள். மெடிக்கல் என்றால் முதலில் நெஞ்சுப் படம். நெஞ்சில் தழும்பு ஏதும் இருந்தால் விமானம் ஏற முடியாது. படி முழுக்க ஆம்பிளைகள் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் கழுத்துத் தாயத்தைக் கழற்ற வைப்பதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். அம்மா கட்டினது, கழட்டக் கூடாதுங்க என்பார்கள். என் கையில் கொடுத்து வை, படம் எடுத்ததும் நானே கட்டிவிடுகிறேன் என்பேன். எத்தனை பேருக்கு முடிச்சுப் போட்டிருப்பேனோ!

பெரிய டாக்டர் போன பிறகு, அமெரிக்காவில் இருந்த அவர் மகன் கிளினிக்கை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டார். குளிர்சாதனம் வந்தது, டிஜிட்டல் மிஷின் வந்தது. உள்ளதைச் சொல்கிறேன், மிஷின் அருமையான மிஷின். கதிர் கொஞ்சம் போதும், மருந்து நாற்றம் இல்லை, படம் கண்ணாடி மாதிரி விழும். இருட்டறையைப் பூட்டிய அன்று நான் அழவில்லை. விட்டது சனி என்று வீட்டுக்குப் போய் நகத்துக்கு மருதாணி வைத்துக்கொண்டேன்.

மிஷினோடு வந்த ஏற்பாடுகள்தான் எனக்கு ஒத்துவரவில்லை. பக்கத்து ஊர்களிலிருந்தும் மெடிக்கலுக்கு ஆட்களை இங்கேயே அனுப்ப ஆரம்பித்தார்கள். இரண்டு எக்ஸ்ரே அறை, இரண்டுக்கும் சேர்த்து நான் ஒருத்தி. தனியாக ஒரு அறையில் உட்கார்ந்து, ஆளை ஒரு சின்னத் திரையில் கேமரா வழியாகப் பார்த்து, பொத்தானை அழுத்த வேண்டும். பெண்களுக்குத் துணையாக உள்ளே நின்ற ஆயாவை நிறுத்திவிட்டார்கள். எப்படி நிற்பது என்று சுவரில் ஒரு படம், காலுக்குத் தரையில் ஒரு படம், காதுக்கு என் குரல்.

அந்தப் பதிவை எடுத்தவன் மேனேஜர் அருண். நல்ல பையன்தான், மேடம் மேடம் என்று மரியாதையாகத்தான் பேசுவான். போனை நீட்டி, நீங்கள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லுங்கள் என்றான். சொன்னேன். செயின், தாயத்து இருந்தால் கழற்றிடுங்க, முடியை உச்சிக்குத் தூக்கிக் கட்டிக்குங்க, மோவாயைத் தூக்கிப் பலகை மேல வைங்க, மூச்சை இழுங்க, பிடிங்க, விடலாம். கேட்டுவிட்டு, ரொம்ப நீளமாக இருக்கிறது மேடம், நகை விஷயம் உடை மாற்றும் இடத்திலேயே எழுதி ஒட்டியிருக்கிறது என்று முதல் இரண்டு வரியை வெட்டிவிட்டான். மோவாயிலிருந்து ஆரம்பித்தது என் குரல். முடியைப் பற்றிச் சுவரில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. நான் சொன்னேன், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

எடுத்த படம் எங்களிடம் நிற்காது. கம்ப்யூட்டர் வழியாக எங்கேயோ இருக்கிற ஒரு டாக்டருக்குப் போகும். அவருக்கு ஆள் கிடையாது, பெயர் கிடையாது, ஒரு நம்பரும் ஒரு நெஞ்சும்தான். மறுநாள் காலையில் ஃபிட் அல்லது அன்ஃபிட் என்று வரும். எனக்கும் அதே கதிதான். நாள் முழுக்க விலா எலும்புகளாகப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போவேன். பஸ்ஸில் யாராவது மேடம் நல்லாயிருக்கீங்களா என்றால் திருதிருவென்று முழிப்பேன். முன்பெல்லாம் தாயத்து கட்டிவிட்டவனைக் கடைத்தெருவில் பார்த்தால் அடையாளம் தெரியும். இப்போது ஒருத்தர் முகமும் மனசில் நிற்கவில்லை. அது எனக்குள் பெரிய வெறுமையாக இருந்தது. மறைப்பானேன், வேலைக்குப் போகவே பிடிக்காமல் போயிற்று.

அந்த நாட்களில்தான் வசந்தா வந்தாள். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் கடலோரக் கிராமம். அவள் புருஷனுக்கு விசைப்படகில் வேலை. வலை இழுக்கிற மிஷினில் கை மாட்டி, விரல்கள் போய்விட்டன. அதற்கப்புறம் கடலுக்குப் போக முடியவில்லை. வசந்தா கூடை தூக்கி மீன் விற்றுப் பார்த்தாள், இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது போதவில்லை. குவைத்தில் ஒரு வீட்டில் வேலைக்கு ஏஜெண்ட் மூலம் இடம் கிடைத்தது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. படம் எடுத்த அன்று அவள் எனக்கு ஒரு நம்பர்.

மறுநாள் கவுன்ட்டர் பக்கம் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். ஒரு பெண் கவுன்ட்டர் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அன்ஃபிட் என்று வந்திருக்கிறது. யார் சொன்னது என்று கேட்கிறாள். கம்ப்யூட்டரில் வந்திருக்கிறது என்கிறாள் கவுன்ட்டர் பெண். கம்ப்யூட்டருக்கு யார் சொன்னது என்கிறாள் இவள். நாளைச் சாயந்திரத்துக்குள் ஃபிட் சீட்டு வரவில்லை என்றால் ஏஜெண்ட் அந்த விசாவுக்கு வேறு பெண்ணை அனுப்பிவிடுவானாம். என்னம்மா பிரச்சினை என்று நான் கேட்டேன். அவ்வளவுதான், சட்டென்று திரும்பினாள்.

"நீங்கதானே? மூச்சப் பிடிங்கன்னு சொன்னது நீங்கதானே? நீங்க சொன்னபடிதானே நின்னேன். அப்புறம் எதுக்கு என்னைய இப்படிச் செஞ்சீங்க?"

என் முகத்தை அவள் பார்த்ததில்லை. குரலை வைத்து என்னைப் பிடித்துவிட்டாள். சுற்றி இருந்தவர்கள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள். அது நானில்லை, பதிவு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை. வா என்று அவளை என் அறைக்குக் கூட்டிப் போய் உட்கார வைத்து, அவள் படத்தைத் திரையில் கொண்டுவந்தேன்.

வலது பக்கம், நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பக்கத்தில் வெள்ளையாக ஒரு நிழல். காசநோய்க்காரர்களுக்கு நிழல் விழுகிற அதே இடம். அதைப் பார்த்ததும் எனக்குமே பக்கென்றது. ஆனால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது நிழல் நுரையீரலோடு நிற்கவில்லை. காறை எலும்பைத் தாண்டி, கழுத்துப் பக்கம் மேலே போயிற்று. நுரையீரலுக்கு வெளியே எப்படி நோய் இருக்கும்? உற்றுப் பார்த்தால் பின்னல் பின்னலாக வரி தெரிந்தது. திரும்பி அவளைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி, கைப்பிடி கொள்ளாத தடிமன்.

நேற்றுத் தலைக்குக் குளித்தாயா என்று கேட்டேன். என்ன கேள்வி இது என்பதுபோல் பார்த்துவிட்டுச் சொன்னாள். மெடிக்கல் நல்லபடியாக முடிய வேண்டுமென்று விடியற்காலையில் நாகூர் தர்காவுக்குப் போய், குளத்தில் முழுகிவிட்டு, ஈர முடியை அப்படியே பின்னிக்கொண்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள். இங்கே கவுனுக்கு முதுகில் முடிச்சு. முடிச்சுப் போட இடைஞ்சலாக இருக்கிறதென்று ஈரப் பின்னலை எடுத்து முன்பக்கம் தோளில் போட்டுக்கொண்டு, அப்படியே பலகையில் நெஞ்சை அழுத்தி நின்றிருக்கிறாள். என் கேமராவுக்கு அவள் முதுகுதான் தெரியும். முடியைத் தூக்கிக் கட்டு என்று சொல்ல வேண்டிய வரியை வெட்டியாகிவிட்டது. ஆண்டவனுக்காக நனைத்த முடியை மிஷின் நோய் என்று காட்டிவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். அவள் பின்னலைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"மொட்டை போடுறதாத்தான் வேண்டியிருந்தேன்க்கா. மொட்டைத் தலையோட போனா குவைத்து வீட்டுல சேத்துக்க மாட்டாங்கன்னு ஏஜெண்டு தடுத்துட்டாரு. வந்தப்புறம் தர்றேன்னு சொல்லிட்டு முழுக்கு மட்டும் போட்டுட்டு வந்தேன்."

"மொட்டை போட்டிருந்தா நேத்தே ஃபிட்டாயிருப்ப, போ" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வரவேண்டிய நேரமும் அதில்லை.

அருணிடம் போனேன். இன்னொரு படம் எடுத்தால் முடிந்தது விஷயம் என்றேன். அவன் தலையைச் சொறிந்தான். எடுக்கலாம், ஆனால் அன்ஃபிட் என்று வந்துவிட்ட நம்பருக்குப் புதுப் படத்தை மிஷின் ஏற்றுக்கொள்ளாது, படத்தைப் பார்த்த டாக்டரே திறந்துவிட வேண்டும், அவருக்குப் புகார் அனுப்பினால் பதில் வர மூன்று வேலை நாள் ஆகும் என்றான். டாக்டர் யார் என்று கேட்டேன். தெரியாது என்றான். ஊர்? தெரியாது. ஆணா பெண்ணா என்பதாவது தெரியுமா என்றால் அதுவும் தெரியாது. மறைக்கிறான் என்று நினைத்துக் கத்திவிட்டேன். பாவம், அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

திரும்பி வந்து படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். படத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டம் உண்டு. எந்தப் பக்கம், என்ன கோணம் என்று நாங்கள் சுருக்கெழுத்தாகப் போடுகிற இடம், எழுதியது படம் பார்க்கும் டாக்டரின் திரையிலும் தெரியும். அதைத்தவிர வேறெதுவும் அதில் யாரும் எழுதியதில்லை. அதில் எழுதினேன். டாக்டர், இது ஈர முடி. அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து கூப்பிடுங்கள் என்று என் போன் நம்பரையும் போட்டு அனுப்பினேன். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. வசந்தாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன், அவள் குடிக்கவில்லை, ஆடை கட்டிவிட்டது. இடையிடையே நான் எழுந்து மற்றவர்களுக்குப் படம் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒலிபெருக்கியில் என் குரல் கேட்டதும் அவள் நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். நான் வாய் திறக்காமல் நிற்பேன். அந்த மத்தியானத்தைப்போல் என்றைக்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

மூன்று மணி சுமாருக்கு போன் வந்தது. பெண் குரல், சின்ன வயசுதான் இருக்கும். சென்னையில் வீட்டிலிருந்தே படம் பார்க்கிற டாக்டர். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. படத்தை மறுபடி திறந்து பார்த்துவிட்டேன், முடிதான், சந்தேகமே இல்லை என்று உடனே ஒத்துக்கொண்டார். நேற்றே தெரியவில்லையா என்று கொஞ்சம் காரமாகவே கேட்டேன்.

"சந்தேகமாத்தான் இருந்துச்சு மேடம். ஆனா என் ஸ்கிரீன்ல ரெண்டு பட்டன்தான் இருக்கு, ஃபிட், அன்ஃபிட். சந்தேகத்துக்குப் பட்டன் இல்ல. முன்னாடி திரும்ப எடுக்கச் சொல்ல ஒண்ணு இருந்துச்சு, லேட்டாகுதுன்னு எடுத்துட்டாங்க. நோய் இருந்து நான் விட்டுட்டா அது பெரிய தப்பு. அதனால பயந்து அன்ஃபிட்டை அழுத்திட்டேன்."

என் கோபமெல்லாம் வடிந்துவிட்டது. நான் இங்கே முகம் தெரியாமல் அழுத்துகிறேன், அந்தப் பிள்ளை அங்கே முகம் தெரியாமல் அழுத்துகிறது. நம்பரைத் திறந்துவிடுகிறேன், புதுப் படம் எடுத்து அனுப்புங்கள், இப்போதே பார்த்துவிடுகிறேன் என்றார். அதோடு போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. அவங்க பக்கத்தில்தானே இருக்காங்க, வீடியோவில் ஒரு தடவை பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். இந்த வேலைக்கு வந்த பிறகு ஒரு நோயாளியைக்கூடப் பார்த்ததில்லையாம்.

போனை வசந்தா முகத்துக்கு நேரே பிடித்தேன். வசந்தா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, எந்த ஊருங்க என்றார். சொன்னாள். இருமல் ஏதாவது இருக்கா என்றார். இல்லைங்க என்றாள். கொஞ்சம் இருமிக் காட்டச் சொன்னார், இருமினாள். அப்புறம் டாக்டர் கேட்டார், சாப்பிட்டீங்களா?

அந்தக் கேள்வியில் வசந்தா உடைந்துவிட்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்த அழுகை. எனக்கும் கண் நிறைந்தது. செத்துப்போன அந்த முன்கோபிக் கிழவரை இந்தப் பிள்ளை பார்த்தே இருக்காது, அவர் கேட்ட அதே கேள்வியைக் கேட்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கப்புறம் நான் கேமரா அறையில் உட்காரவில்லை. வசந்தாவோடு எக்ஸ்ரே அறைக்குள் போய், அந்தக் கனமான பின்னலை நானே தூக்கி உச்சியில் சுற்றி, என் தலையிலிருந்த கொண்டை ஊசிகளைப் பிடுங்கிக் குத்தினேன். நேற்றிலிருந்து பிரிக்காத பின்னல், உள்ளே இன்னும் ஈரம் முழுசாகக் காயவில்லை. படம் சுத்தமாக வந்தது. சாயந்திர பஸ் கிளம்புவதற்குள் ஃபிட் சீட்டு அவள் கையில் இருந்தது. அவள் குவைத்துக்குப் போனாள்.

மறுநாளே அருண் போனை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தான். மேடம், அந்த வரியைச் சேர்த்துப் பேசுங்கள் என்றான். பேசினேன். அன்றிலிருந்து என் குரல் எல்லாப் பெண்களிடமும், "முடியை உச்சிக்குத் தூக்கிக் கட்டிக்குங்க" என்று ஆரம்பித்தது. ஏதோ பெரிய காரியம் சாதித்துவிட்டதாக எனக்குள் ஒரு மிதப்பு. இனி ஒருத்திக்கும் அந்தக் கஷ்டம் வராது, எல்லாவற்றையும் குரலே பார்த்துக்கொள்ளும் என்று நிம்மதியாகக் கேமரா அறையிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

சில வருஷம் போயிற்று, நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருக்கும். வழக்கம்போல் ஒரு நம்பர் வந்தது, பெண் என்று போட்டிருந்தது. திரையில் கவுன் போட்ட முதுகு ஒன்று வந்து பாதப் படத்தின் மேல் நின்றது. குரலுக்கான பொத்தானை அழுத்தினேன். முடியை உச்சிக்குத் தூக்கிக் கட்டிக்குங்க என்றது என் குரல்.

அந்தப் பெண் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் பின்தலைக்குக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. தலையில் ஒரு முடி இல்லை. சந்தனம் பூசிய மொட்டை. குரல் அது பாட்டுக்கு மோவாய்க்குப் போய்விட்டது, மூச்சை இழுக்கச் சொன்னது, பிடிக்கச் சொன்னது, விடலாம் என்றும் சொல்லிவிட்டது. அவள் ஒன்றும் செய்யாமல் திரும்பி, கேமராவை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, உங்க குரலுக்குக் கண்ணு தெரியாதா? அதே குவைத்து வீட்டுக்காரங்க மொட்டையோட வந்தாலும் சரின்னு திரும்பக் கூப்புட்டுட்டாங்க, குடுக்கவேண்டியத நாகூர்ல குடுத்துட்டுத்தான் வர்றேன்."

ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, எழுந்து உள்ளே போனேன். அந்த மொட்டைத் தலையைத் தடவிப் பார்த்தேன், சந்தனம் இன்னும் ஈரமாக இருந்தது. சாப்பிட்டியா என்று கேட்டேன். தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தி, மோவாயைத் தூக்கிவிட்டு, மூச்சை இழு வசந்தா என்றேன். இழுத்தாள்.